மினுமினுப்பைப் பார்த்தது போதும், இனி கணக்கைப் பாருங்கள்: கால்நடைக் கண்காட்சி நடுவர்களுக்கு வடாற்காட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் கால்நடைக் கண்காட்சி நடத்தும் விழாக் குழுவினருக்கும், மருத்துவ முகாம்களில் கிடேரிக் கன்றுப் (பெண் கன்று) போட்டி வைக்கும் அலுவலர்களுக்கும், முதல் பரிசு எந்த மாட்டுக்கு என்று முடிவு சொல்லும் நடுவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் போட்டியில் பரிசு வாங்கிய மாட்டுக்கு மறுநாளே விலை ஏறிவிடுகிறது. அதன் கன்றைக் கேட்டு ஆள் வருகிறது. காளையாக இருந்தால் சுற்று வட்டாரத்துப் பசுக்களை அதனிடம் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகர்கூட, கண்காட்சியில் நின்ற மாடு என்றால் கூட்டித்தான் பிடிப்பார். நீங்கள் கொடுக்கும் கேடயமும் எவர்சில்வர் குடமும் அன்றைக்கே வீட்டுப் பரணுக்குப் போய்விடும். ஆனால் அடுத்த பத்து வருடத்துக்கு இந்த ஊர்க் கொட்டகைகளில் எந்த மாதிரி மாடு நிற்க வேண்டும் என்பதை அந்தப் பரிசு முடிவு செய்கிறது. அந்த முடிவு இப்போது பார்க்கக் கூடாத இடத்தைப் பார்த்து எடுக்கப்படுகிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

வரிசையில் நிற்கும் மாட்டின் முன் ஒரு நடுவருக்குக் கிடைப்பது சில நிமிடம். அந்த நேரத்தில் கண்ணில் படுவது உயரம், நிறம், எண்ணெய் தடவிய தோல், சாயம் பூசிய கொம்பு, கொழுகொழுவென்ற உடம்பு, வெடித்துவிடுவது போலப் புடைத்த மடி. அது எத்தனை ஈத்து ஈன்றது, ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் இடையில் எத்தனை நாள், எத்தனை ஊசியில் சினை பிடித்தது, மடிநோய் வந்ததா, நாலு காம்பிலும் பால் வருகிறதா என்ற எதுவும் நின்ற நிலையில் தெரியாது. கேட்டால்தான் தெரியும், தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். பாலைப் பார்த்துப் பசுவைக் கொள் என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். நம் போட்டிகளில் பாலைக்கூடச் சரியாகப் பார்ப்பதில்லை.

முதலில் மடி. கண்காட்சிக்கு மாட்டைக் கொண்டுவருபவர்களில் பலர் அன்று காலை கறப்பதில்லை. சிலர் முந்தின நாள் மாலைக் கறவையையும் விட்டுவிடுகிறார்கள். மடி தோல் இழுபட்டுப் பளபளக்கும், காம்பு விறைத்துப் பக்கவாட்டில் நிற்கும், பார்ப்பவர் வாய் பிளப்பார். சந்தையில் மடி கட்டி விற்கும் பழைய தந்திரம்தான் இது. மாட்டுக்கு உள்ளே என்ன ஆகிறது? இரண்டு கறவைக்கு இடையே 12 மணி நேரம் என்பது வழக்கம். 16, 18 மணி நேரத்தைத் தாண்டினால் மடிக்குள் அழுத்தம் ஏறி, பால் சுரப்பே குறையத் தொடங்கும். அழுத்தம் தாங்காமல் காம்புத் துளை திறந்து பால் சொட்டும். அந்தத் திறந்த காம்போடு மாடு கண்காட்சித் திடலின் சாணத்திலும் மூத்திரத்திலும் படுத்தால் கிருமி நேராக உள்ளே ஏறும். பரிசு வாங்கி வீடு போய்ச் சேர்ந்த மாடு இரண்டு மூன்று நாளில் திரிதிரியாகப் பால் கொடுக்கும். ஒரு காம்பு அடைத்துப் போனால் அந்த ஈத்துப் பாலில் கணிசமான பகுதி போனது போனதுதான்.

மடியைப் பார்க்கச் சரியான நேரம், முழுக்கக் கறந்து முடித்த பிறகுதான். நல்ல மடி கறந்ததும் வெறும் துணிப்பை போலச் சுருங்கி மடிப்பு விழும். சதை மடி கறந்த பிறகும் அதே அளவில் கெட்டியாக நிற்கும். அதில் இருப்பது பால் சுரக்கும் திசு இல்லை, கொழுப்பும் நாரும். மாட்டுக்குப் பின்னால் நின்று பார்த்தால் மடியின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பள்ளம் தெரிய வேண்டும். இரண்டு பாதியையும் தூக்கிப் பிடிக்கும் தசைநார் உறுதியாக இருப்பதன் அடையாளம் அது. பள்ளம் மறைந்து அடிமடி தட்டையாகவோ வெளியே பிதுங்கியோ இருந்தால், தசைநார் தளர்ந்துவிட்டது. காம்புகள் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்து போகும், அடுத்த ஈத்தில் மடி இன்னும் தொங்கும். அடிமடி பின்னங்கால் முட்டிக்கு மேலேயே இருக்க வேண்டும். முட்டிக்குக் கீழே இறங்கிய மடி நடக்கும்போது கால் பட்டு அடிபடும், முள்ளில் கிழியும், படுத்தால் சேற்றில் புதையும். இதில் ஒரு வேடிக்கையான கொடுமை இருக்கிறது. பால் நிறைத்துக் கொண்டுவந்தால் தொங்கும் மடிதான் பெரிய மடியாகத் தெரியும். அதையே பெரிய மடி என்று பாராட்டினால் தொங்கும் மடியைத்தான் தலைமுறை தலைமுறையாகப் பெருக்குகிறோம்.

உள்நோயைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் சலவைத்தூளைக் கரைத்துக்கொள்ளுங்கள். நாலு சின்னக் கிண்ணத்தில் நாலு காம்புப் பாலையும் தனித்தனியாகக் கொஞ்சம் பீய்ச்சி, அதே அளவு கரைசலை ஊற்றி ஒரு நிமிடம் சுழற்றிப் பாருங்கள். பால் தண்ணீராகவே ஓடினால் அந்தக் காம்பு சுத்தம். கோழை மாதிரி திரண்டு இழுத்தால் வெளியே தெரியாத மடிநோய் இருக்கிறது. ஒரு மாட்டுக்கு ஐந்து நிமிடம் ஆகும், செலவு சில ரூபாய். இதைக்கூடச் செய்யாமல் சிறந்த கறவை மாடு என்று மாலை போடுவது நியாயமா என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்து, கிடேரிக் கன்றுப் போட்டி. முகாம்களில் நல்ல எண்ணத்தோடு வைக்கப்படும் போட்டி இது. கன்றைக் கவனிக்காமல் விட்டுவிடாமல் வளர்க்கத் தூண்ட வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் பரிசு போவது பெரும்பாலும் எல்லாவற்றிலும் கொழுத்த கன்றுக்கு. அதனால் போட்டிக்கென்றே ஒரு கன்றைத் தேர்ந்து, தாயின் பாலை முழுக்க ஊட்டவிட்டு, கஞ்சியும் மக்காச்சோள மாவும் கொடுத்து உருண்டையாக்கிக் கொண்டுவருகிறார்கள். மூன்று மாதத்திலிருந்து பத்து மாதம் வரை கன்றின் மடியில் பால் சுரக்கும் திசு வேகமாக வளரும் காலம். அந்தக் காலத்தில் அளவுக்கு மீறிக் கொழுக்க வைத்தால் மடிக்குள் கொழுப்பு இடம் பிடித்துக்கொள்ளும், பால் திசு குறையும். அப்படி வளர்ந்த கிடேரி தலையீத்தில் பார்க்க வாட்டசாட்டமாக இருக்கும், கறந்தால் ஏமாற்றும். ஆக, நல்ல பசுவாகும் என்று நினைத்து நாம் மாலை போடும் கன்று, அந்தப் போட்டிக்காகவே கெடுக்கப்பட்ட கன்றாக இருக்கலாம்.

ஜெர்சி கலப்புக் கன்று ஒன்று பிறக்கும்போது ஏறக்குறைய 22 கிலோ. நாளைக்கு 450 கிராம் கூடினால் ஆறு மாதத்தில் 100 கிலோவைத் தொடும், பதினைந்து மாதத்தில் 225 கிலோவுக்குப் பக்கம் வரும். வளர்ந்த பசுவின் எடையில் அறுபது சதவீதம் வந்ததும் முதல் சினை ஊசி போடலாம் என்பது கணக்கு; 370 கிலோ பசுவாகப் போகும் கிடேரிக்கு அது இந்த 225 கிலோதான். இதற்குக் குறைந்தால் கன்று ஈனும்போது சிக்கல், ரொம்பக் கூடினால் மடியில் கொழுப்பு. எனவே பரிசு பெற வேண்டியது எல்லாவற்றிலும் பெரிய கன்று இல்லை. தன் வயதுக்கு ஏற்ற எடையில், தோள் எலும்பும் இடுப்பெலும்பும் லேசாகத் தெரிய, நீளமாக வளர்ந்து நிற்கும் கன்று.

எடை மேடை இல்லையே என்பீர்கள். தையல்காரர் வைத்திருக்கும் அங்குல நாடா போதும். முன்னங்காலுக்கு உடனே பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு. தோள் முனையிலிருந்து வால் பக்கத்து இருக்கை எலும்பு முனை வரை ஒரு அளவு. சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வருவதை நீளத்தால் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். நெஞ்சுச் சுற்று 43 அங்குலம், நீளம் 36 அங்குலம் என்றால் 101 கிலோ. நாடாவை இறுக்கவும் கூடாது, தொளதொளவென்று விடவும் கூடாது. கன்று நாலு காலையும் சமமாக ஊன்றித் தலையை நேராக வைத்திருக்கும்போது அளக்க வேண்டும். உப்பைக் கொடுத்துத் தண்ணீர் குடிக்க வைத்து வயிற்றை நிரப்பிக் கூட்டிவந்தாலும் நெஞ்சளவு ஏமாறாது. நாங்கள் எடை மேடையைவிட நாடாவை நம்புவது அதனால்தான்.

கொழுக்க வைப்பதில் இன்னொரு கேடு காலில் வரும். கண்காட்சிக்கு முந்தின சில வாரம் அரிசிக் கஞ்சியும் மாவும் அளவுக்கு மீறிப் போனால் இரைப்பையில் அமிலம் ஏறும். பொங்கல் கழித்து மருந்தகங்களுக்கு வரும் மாடுகளில் இதைப் பார்க்காத மருத்துவர் இருக்க மாட்டார். வயிறு சரியான பிறகும் வினை முடிவதில்லை. குளம்புக்குள் இரத்த ஓட்டம் கெட்டு, ஓரிரு மாதம் கழித்து அடிக்குளம்பு புண்ணாகி மாடு நொண்டும். நொண்டும் மாடு தீவனத் தொட்டிக்குப் போகாது, பால் இறங்கும், பருவத்துக்கு வந்தாலும் மற்ற மாட்டின் மேல் தாவாது, நமக்குத் தெரியாமலே பருவம் கடந்து போகும். கேடயம் வீட்டில் இருக்கும். மாடு கசாப்புக்குப் போகும்.

காலைப் பார்க்க வேண்டுமானால் நடக்க விடுங்கள். பச்சைப் பாய் விரித்த இடத்திலோ மணலிலோ நிற்க வைத்தால் எல்லா மாடும் நன்றாகத்தான் நிற்கும். சிமெண்டு தரையிலோ கெட்டித் தரையிலோ முப்பது மீட்டர் நேராக நடத்துங்கள். முன்குளம்பு பதிந்த இடத்திலேயே பின்குளம்பு வந்து விழ வேண்டும். முதுகை வளைத்துக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி நடந்தால் எங்கோ வலிக்கிறது. பின்னால் நின்று பாருங்கள்: பின்னங்கால் முட்டிகள் ஒன்றையொன்று உரசினால் குளம்பு ஒரு பக்கமாகத் தேயும். பக்கவாட்டில் பின்னங்கால் கம்பு போல நேராக இருந்தாலும் கோளாறு, அரிவாள் போல ரொம்ப வளைந்திருந்தாலும் கோளாறு.

இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மேஜை போல மட்டமான முதுகும் இடுப்பும் அழகு என்று ஒரு நினைப்பு இருக்கிறது. முன்பக்க இடுப்பெலும்பைவிட வால் பக்கத்து இருக்கை எலும்பு கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும், இரண்டு இருக்கை எலும்புக்கும் நடுவே நல்ல அகலம் இருக்க வேண்டும். அப்போதுதான் கன்று சுலபமாக வெளியே வரும், ஈன்ற பிறகு கருப்பைக் கழிவும் வடியும். வால் பக்கம் தூக்கி நிற்கும் மாட்டில் கழிவு உள்ளேயே தங்கிச் சீழ் பிடிக்கும். பிறகு ஊசி மேல் ஊசி போட்டும் சினை நிற்காது. பார்வைக்கு மட்டமான இடுப்பு, மூன்று மாதம் வீணாகும் இடுப்பு.

இனி உயரமும் பருமனும். நடுவர்கள் பெரிய மாட்டை விரும்புகிறார்கள், வளர்ப்பவரும் அதைப் பெருமையாக நினைக்கிறார். 450 கிலோ மாடு, 350 கிலோ மாட்டைவிடப் பார்க்க எடுப்பாக இருக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கூடுதலாக இருக்கும் அந்த 100 கிலோ உடம்புக்கு நாளைக்கு இரண்டரை கிலோ வரை உலர்தீவனம் வேண்டும். பசுந்தீவனமாகப் போட்டால் ஏறக்குறைய 12 கிலோ. வருடத்துக்கு நாலு டன்னுக்கு மேல். பாலாறு மணலாகக் கிடந்து, கிணறு அடிமட்டம் தெரியும் சித்திரையில் அந்த நாலு டன் சூப்பர் நேப்பியர் புல்லை எங்கே அறுப்பது? கடலைக்கொடியும் வைக்கோலும் விலைக்கு வாங்கும் வீட்டில் அந்த உடம்பு ஒரு கடன்.

பால் கணக்கையும் நேராகப் பார்ப்போம். உச்சக் கறவையை 200 ஆல் பெருக்கினால் ஒரு ஈத்துப் பால் ஏறக்குறைய வரும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஒரு பெரிய மாடு உச்சத்தில் 20 லிட்டர் கறக்கிறது. ஈத்துக்கு 4,000 லிட்டர். ஆனால் அது ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் 600 நாள் எடுத்துக்கொள்கிறது. ஒரு நடுத்தர மாடு உச்சத்தில் 14 லிட்டர்தான். ஈத்துக்கு 2,800 லிட்டர். 390 நாளுக்கு ஒரு கன்று போடுகிறது. இப்போது மொத்த நாளுக்குப் பங்கிட்டுப் பாருங்கள்: பெரிய மாட்டுக்கு நாளைக்கு 6.7 லிட்டர், நடுத்தர மாட்டுக்கு 7.2 லிட்டர். சினை பிடிக்காமல் இழுக்கும் மாட்டைக் கடைசி வரை நாலு லிட்டர் ஐந்து லிட்டர் என்று கறப்போம், அதையும் சேர்த்தால் பெரிய மாடு நடுத்தர மாட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக வரும், அவ்வளவுதான். அதற்குள் அது தின்றது எவ்வளவு கூடுதல்! ஐந்து வருடத்தில் பெரிய மாடு மூன்று கன்று, நடுத்தர மாடு நாலு கன்று போட்டு ஐந்தாவதைச் சுமந்துகொண்டிருக்கும். உங்கள் போட்டியில் இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் இன்றைய முறையில் ஜெயிப்பது எது என்று உங்களுக்கே தெரியும்.

கறுப்பு வெள்ளைத் திட்டு அழகாகப் பிரிந்த, ஏறக்குறைய சுத்த ஹோல்ஸ்டைன் ஃப்ரீசியன் மாட்டுக்குப் பரிசு கொடுப்பதும் இந்த ஊருக்குப் பொருந்தாது. வெளிநாட்டு இரத்தம் 50 முதல் 62.5 சதவீதம் வரை இருந்தால் போதும் என்பது நம் நாட்டு நிலைமைக்குப் பல காலமாகச் சொல்லப்படும் வரம்பு. வேலூர் அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். அந்த வெயிலில் அதிக இரத்தமுள்ள மாடு வாயைத் திறந்து, நாக்கை நீட்டி, எச்சில் ஒழுக மூச்சு வாங்கும், தின்பதைக் குறைக்கும், போட்ட ஊசி நிற்காது. உண்ணிக் காய்ச்சலும் அதைத்தான் முதலில் பிடிக்கும். போட்டியைக் காலை எட்டு மணிக் குளிர்ச்சியில் முடித்துவிடாமல், மாடுகளை நிழலில் கட்டித் தண்ணீர் வைத்து, பிற்பகல் இரண்டு மணிக்கு ஒருமுறை விலாவைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள். நிழலில் நிமிடத்துக்கு 60க்குள் இருந்தால் இந்த ஊருக்கு ஏற்ற மாடு. 80ஐத் தாண்டினால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த ஊரில் பெருக்க வேண்டிய மாடு இல்லை. குட்டையான வழவழப்பான மயிர், கறுத்த தோல், கறுத்த குளம்பு ஆகியவற்றுக்கு மதிப்பெண் உண்டென்றால் நாங்கள் மகிழ்வோம்.

கண்காட்சியின் கண் ஒரு இனத்தையே எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்கா ஒரு பாடம். 1940களிலும் 50களிலும் அங்கே ஹெர்ஃபோர்டு, ஆங்கஸ் கறி மாடுகளில் குட்டையாக, கட்டுமஸ்தாக இருக்கும் காளைகளுக்கே கண்காட்சியில் முதல் பரிசு. அந்தக் கட்டுமஸ்தான காளைகளில் பல, குள்ளத் தன்மைக்கான மரபணுவை மறைவாகச் சுமந்தவை. பரிசு வாங்கிய காளைகளின் வாரிசுகளை ஒன்றோடொன்று சேர்த்தபோது பெருந்தலையோடு, மூச்சுத் திணறிக் குறட்டை விடும் குள்ளக் கன்றுகள் பிறந்தன, பெரும்பாலானவை பிழைக்கவில்லை. பிறகு எதிர்த்திசையில் ஓடினார்கள். 1970கள், 80களில் உயரமான காளைக்குத்தான் பரிசு. ஒட்டகம் போல நெட்டையான, தாமதமாகப் பருவம் வரும், தீவனம் போதாமல் சினை பிடிக்காத பசுக்கள் வந்து சேர்ந்தன. இரண்டு தடவையும் கெட்டது மாடு அல்ல, அளவுகோல்.

அயர்லாந்தின் டெக்ஸ்டர் மாட்டில் குட்டைக் கால் அழகு என்று இரண்டு குட்டைக் கால் மாட்டைச் சேர்த்தால், நாலில் ஒரு கன்று உருக்குலைந்து செத்தே பிறக்கும். இதை நாங்கள் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. புங்கனூர் ஒரு காலத்தில் நம் வடாற்காடு ஜில்லாவின் ஜமீன். 1911இல் சித்தூர் ஜில்லா பிரிந்தபோது அந்தப் பக்கம் போனது. குடியாத்தம், பேரணாம்பட்டுக்காரர்களுக்கு இன்றும் புங்கனூரை அடுத்த பலமனேர் பக்கத்து ஊர்தான். காய்ந்த காட்டில் மேய்ந்து, கொஞ்சம் தீவனத்தில் கொஞ்சம் பாலும் கொடுத்து, வண்டியும் இழுத்த சிறுமாடு புங்கனூர் இனம். பலமனேரில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையம் அதைக் காப்பாற்றப் பாடுபட்டு வருகிறது. இப்போது இரண்டடி உயரம், அதற்கும் குறைவு, வீட்டு வரவேற்பறையில் விடலாம் என்று சொல்லிச் சொல்லி இன்னும் குட்டை, இன்னும் குட்டை என்று சேர்த்துப் பெருக்கி இலட்சக்கணக்கில் விற்கிறார்கள். உயரத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தால் பாலும், மடியும், சுலபமாக ஈனும் தன்மையும் கவனிப்பாரற்றுப் போகும். கொஞ்சம் மாடுகளுக்குள்ளேயே சேர்க்கையும் நடக்கும். அப்பனையே மகளோடு சேர்த்தால் பிறக்கும் கன்றின் உள்ளினக் கலப்பு (நெருங்கிய உறவுக்குள் சேர்வதன் அளவு) 25 சதவீதம். ஒரே அப்பனுக்கு வேறு வேறு தாயிடம் பிறந்த அண்ணன் தங்கை என்றால் 12.5 சதவீதம். மலட்டுத்தன்மையும் செத்துப் பிறப்பதும் அந்த வழியில்தான் வரும். உங்கள் கண்காட்சியில் புங்கனூர் வரிசை வைத்தால் மிகக் குட்டையான மாடு என்ற பரிசை மட்டும் வைக்காதீர்கள். இது எங்கள் கெஞ்சல்.

காளை விடும் விழாவை இந்தப் பேச்சில் இழுக்க எங்களுக்கு விருப்பமில்லை. தை மாதம் தொடங்கி ஊர் ஊராக நடக்கும் அந்த விழாவுக்கு 2017இன் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தத்தில் எருது விடும் விழா என்று பெயர் சொல்லியே இடம் இருக்கிறது, 2023இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: அங்கே பரிசு கண்ணால் பார்த்துக் கொடுக்கப்படுவதில்லை. குறிப்பிட்ட தூரத்தை எத்தனை நொடியில் கடந்தது என்று கடிகாரம் சொல்கிறது. ஓட வளர்த்த காளையை ஓட்டத்தால் அளக்கிறார்கள். கறக்க வளர்த்த பசுவைக் கறவையாலும் கன்றாலும் அளக்க நமக்கு ஏன் தயக்கம்?

சுழி பார்ப்பதையும் நடுவர் மேடையிலிருந்து இறக்கிவிடுங்கள். நெற்றியில் ஒரு மயிர்ச் சுழி தள்ளி விழுந்ததற்காகத் தங்கமான பசு அடிமாட்டு விலைக்குப் போவதைச் சந்தையில் தடுக்க முடியவில்லை. அரசு முகாமிலாவது அதற்கு இடம் வேண்டாம்.

இனி என்ன செய்யலாம் என்று எங்கள் யோசனை. கறவை மாட்டுப் போட்டிக்கு நூறு மதிப்பெண் என்றால் நாற்பதைக் கணக்குக்கு வையுங்கள்: எத்தனை ஈத்து, ஈத்து இடைவெளி எத்தனை நாள், சினைக்கு எத்தனை ஊசி, ஈத்துப் பால் எவ்வளவு. இருபத்தைந்து மடிக்கு, கறந்த பிறகு பார்த்து. இருபது காலுக்கும் இடுப்புக்கும், நடக்க வைத்துப் பார்த்து. பத்து உடம்பு நிலைக்கும் வெயில் தாங்குவதற்கும். மீதி ஐந்து சாதுவான குணத்துக்கு. பெண்கள் தனியாகக் கறக்கும் வீடுகளில் உதைக்கும் மாட்டை யார் வைத்துக்கொள்வது? மூன்றாவது ஈத்துக்கு மேல் நாலு காம்பும் நல்லபடியாக இருக்கும் பசுவுக்கென்று தனிப் பரிசு ஒன்று வையுங்கள். எங்களைக் கேட்டால் முதல் பரிசைவிடப் பெரிய தொகை அதற்குத்தான் போக வேண்டும்.

கணக்குக்கு ஆதாரம் எங்கே என்ற கேள்வி வரும். காதில் மஞ்சள் தோடு, அதில் 12 இலக்க எண் இருக்கிறது. சினை ஊசியும் தடுப்பூசியும் அந்த எண்ணில் ஏறுகின்றன. ஊசி போடுபவரிடம் உறைவிந்துக் குச்சியில் அச்சிட்ட காளை எண்ணைக் கேட்டு ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தால் மீதிக் கதையும் வந்துவிடும். பால் சங்கத்தில் ஊற்றும் வீடுகளுக்குச் சங்கச் சீட்டும் இருக்கிறது. கொழுப்பும் இதர சத்தும் அதிலேயே இருக்கும். நோட்டு இல்லாத மாடும் வரிசையில் நிற்கட்டும், ஆனால் நாற்பதில் அதற்குச் சுழியம். முதல் வருடம் முணுமுணுப்பு வரும். அடுத்த வருடம் எல்லோர் கையிலும் நோட்டு இருக்கும்.

காளை எண்ணை எழுதுவது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரே ஒரு சேதி. 1962இல் அமெரிக்காவில் பிறந்த ஹோல்ஸ்டைன் காளை ஒன்றின் மகள்கள் மட்டும் 16,000; பால் கொடுப்பதில் அவை முதல் தரம். அந்தக் காளையிடம் இருந்த ஒரு மறைவான மரபணுக் கோளாறால் உலகெங்கும் ஐந்து இலட்சத்துக்கு மேல் கரு கலைந்திருக்கும் என்று பின்னாளில் கணக்கிட்டார்கள். அழகுக்காக அல்ல, பாலுக்காகவே தேர்ந்த காளைக்கே இந்தக் கதை. ஆகவே அப்பன் யார் என்று தெரியாத ஊர்க் காளைக்குச் சிறந்த காளை என்று மாலை போடாதீர்கள். தாயின் ஈத்துக் கணக்கும், கருச்சிதைவு நோய்க்கான இரத்தப் பரிசோதனைச் சான்றும் இல்லாத காளைக்குப் போட்டியில் இடமே வேண்டாம்.

பால் போட்டி என்றால் முந்தின நாள் மாலை நடுவர் முன்னிலையில் கடைசிச் சொட்டு வரை ஒட்டக் கறந்துவிட்டு, அங்கிருந்து 24 மணி நேரக் கறவையைத் தராசில் நிறுத்துங்கள். படியால் அளந்தால் நுரையும் சேர்ந்துவிடும். பால் இறக்கும் ஊசி போட்டது தெரிந்தால் வெளியேற்றுங்கள். எல்லா மாட்டுக்கும் கோமாரித் தடுப்பூசி போட்டு 21 நாளாவது ஆகியிருக்க வேண்டும். நாலு முதல் எட்டு மாதக் கிடேரிகளுக்குக் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசி போட்ட பதிவு இருக்க வேண்டும். 1932இலிருந்து தடுப்பு மருந்து தயாரிக்கும் நிலையம் இராணிப்பேட்டையிலேயே இருக்கும்போது, நம் கண்காட்சியிலிருந்து நோய் ஊருக்குப் போனது என்ற பெயர் வரக் கூடாது.

இந்த மதிப்பெண் பட்டியலைப் போட்டிக்கு மூன்று மாதம் முன்பே பால் சங்கத்திலும் மருந்தகச் சுவரிலும் ஒட்டுங்கள். மாட்டை அதற்கேற்ப மாற்ற அந்த அவகாசம் போதாது. நோட்டுப் போட ஆரம்பிக்கப் போதும். நாடா பிடிக்கவும், நாலு கிண்ணச் சோதனை செய்யவும், தராசு பக்கத்தில் நின்று எழுதவும் ஆள் வேண்டுமென்றால் அணைக்கட்டு, ஒடுகத்தூர், கே.வி.குப்பம், குடியாத்தம் பக்கத்திலிருந்து நாங்கள் வருகிறோம். கூலி வேண்டாம், பேருந்துக் காசும் வேண்டாம். தேதியை மட்டும் முன்கூட்டிச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வடாற்காட்டுப் பால்மாடு வளர்ப்போர் சிலர்
வேலூர்